வாகையடி வாங்கு

முதல் நாள் அவர் பூங்காவுக்கு வந்தபோது சுகிர்தம் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கவனித்தாள். பக்கத்து அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாக வந்த யாரோ வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தன்பாட்டில் பாதையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாளும் அதே வாகை மரத்தடியில் கிடந்த நீண்ட சீமெந்து வாங்கில், அதே கறுப்புக் குடையை முழங்கால்களுக்கிடையில் ஊன்றிக்கொண்டு அவர் இருப்பதைக் கண்டபோதுதான் அவளுடைய கை விளக்குமாற்றோடு அப்படியே நின்றது.

யாழ்ப்பாணத்துக் கண்டி வீதிக்கு விடிந்தால் ஓய்வில்லை. மினிபஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்துவதற்கு ஹோர்ண் அடிப்பார்கள், பாடசாலை வான்கள் வீதியை மறித்து நிற்கும், ஓட்டோக்காரர் ஒரு பக்கம் கையைக் காட்டிவிட்டு மற்றப் பக்கம் திருப்புவார்கள். அந்த இரைச்சலை விட்டுப் பழைய பூங்காவுக்குள் இருபது எட்டு எடுத்து வைத்தால் போதும், யாரோ கதவைச் சாத்திவிட்டது போலிருக்கும். உள்ளே வாகையும் நாவலும் இத்தியுமாக நிழல். கிளிகள் கத்துவதும் காய்ந்த வாகை நெற்றுகள் காற்றுக்குக் கலகலப்பதும்தான் சத்தம். அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம். காலையில் சீமெந்துப் பாதையை ஒரு முறை கூட்டி, குப்பையைக் கைவண்டிலில் ஏற்றித் திரும்பிப் பார்த்தால், கூட்டாத மாதிரியே கிடக்கும்.

சுகிர்தம் மாநகரசபைத் தொழிலாளியாக அந்தப் பூங்காவுக்கு வந்து ஒன்பது வருடங்கள். காலை ஆறரைக்குக் கையெழுத்து, பின்னேரம் மூன்றரை வரை வேலை. ஒன்பது வருடத்தில், வருகிற ஆட்களைத் தூரத்தில் கண்டவுடனேயே இன்னார் என்று சொல்லப் பழகியிருந்தாள். ரியூசனுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து குடைக்குப் பின்னால் இருக்கும் சோடிகள். காணி அலுவலுக்குக் கச்சேரியில் நின்று களைத்துச் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பவர்கள். டொக்டர் சொன்னதற்காகக் கையை வீசி நடப்பவர்கள். கனடாவிலிருந்து வந்து மரத்தைப் படம் எடுப்பவர்கள். எல்லோருக்கும் அங்கே வர ஒரு காரணம் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. இந்த மனிதருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. வயது அறுபத்தைந்துக்கு மேலிருக்கும். அழுத்திய வெள்ளைச் சேட்டு. போன் பார்க்கவில்லை, கண்ணயரவில்லை, ஒருவரோடும் கதைக்கவில்லை. அவள் எந்தப் பக்கம் கூட்டுகிறாளோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது என்றால் கிழட்டு மனிதனுக்கு வந்த சலனம் என்று ஏசிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். சுகிர்தத்துக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அவளுடைய புருசன் கிறிஸ்ரோபர் யுத்தம் முடிந்த வருடம் இராணுவத்திடம் சரணடைந்து, இரண்டு வருடம் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தவன். இடம்பெயர்ந்து வன்னிக்குப் போயிருந்த காலத்தில் இயக்கத்துக்கு வள்ளத்து எஞ்சின்களைத் திருத்திக் கொடுத்தான், அவ்வளவுதான். அந்த அவ்வளவு, கொழும்புத்துறைக்குத் திரும்பி வந்தபிறகும் அவனை விடவில்லை. புலனாய்வுக்காரர் முதலில் மாதத்துக்கு ஒரு தடவை வந்தார்கள். பிறகு வருடத்துக்கு ஒன்று இரண்டு. முந்தியெல்லாம் தலைமயிரை ஒட்ட வெட்டிய இளந்தாரிகள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், கண்டவுடன் தெரிந்துவிடும். போன வருடம் வந்தது வயதான தமிழ் மனிதர் ஒருவர். சீனி வருத்தம், நாக்கு வறளுது என்று தண்ணீர் வாங்கிக் குடித்து, கதிரையில் ஆறுதலாக இருந்து, வீட்டில் எத்தனை பேர், யார் வந்து போகிறார்கள், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று உறவுக்காரர் போல விசாரித்துவிட்டுப் போனார். நாலு நாள் கழித்துக் கிறிஸ்ரோபரை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போய் ஒரு பகல் முழுக்க இருந்து எழும்பி வந்தான். அன்றிலிருந்து வயதானவர்களுடைய மரியாதையான பேச்சும் அவளுக்குப் பயம்தான்.

அன்று பத்து மணித் தேநீருக்கு இருந்தபோது, கூட வேலை செய்யும் குணலட்சுமி வந்து பக்கத்தில் குந்தினாள். குணலட்சுமிக்கு முப்பத்தைந்து வயது, வாய் சும்மா இராது. தண்ணீர்ப் பைப்பைச் சுருட்டும்போது அந்த மனிதர் தன்னைக் கூப்பிட்டு, அங்காலே கூட்டுகிற அம்மா எப்படியான ஆள், எவ்வளவு காலமாக வேலை, குணம் எப்படி என்றெல்லாம் கேட்டதாகச் சொன்னாள். தான் நல்லதாகத்தான் சொன்னதாகவும் சொன்னாள்.

"என்ன சொன்னனீ?" என்றாள் சுகிர்தம்.

"நல்ல மனிசி, ஒருத்தரோடையும் தேவையில்லாமல் கதைக்காது எண்டனான். ஏனக்கா, சொந்தக்காரரோ?"

சுகிர்தம் தேநீரை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்தாள்.

வாகையடிப் பக்கம் போகாமல் இருக்க முடியாது, அங்கேதான் நெற்று அதிகம். போனாள். அவரை நிமிர்ந்து பாராமல் கூட்டினாள். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, நல்ல நிழல், ஊரில் இப்படி மரங்கள் இப்போது இல்லை, எல்லாவற்றையும் தறித்துவிட்டார்கள் என்று தொடங்கினார். அவள் ஓமென்றாள். அவருக்கு எந்த ஊர் என்று கேட்டாள். கையை விசிறிப் பொதுவாக வடக்குப் பக்கம் காட்டி, இஞ்சாலைதான் என்றார். ஊரைச் சொல்ல விருப்பமில்லாத மனிதர் என்று அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

"பிள்ளை கொழும்புத்துறையெல்லே?"

அவள் அதை அவருக்குச் சொல்லவில்லை. குணலட்சுமி தான் சொன்னதாகச் சொன்னதிலும் ஊர்ப் பேர் இல்லை.

"ஓம்."

"வீட்டுக்காரர் என்ன செய்யிறார்?"

விளக்குமாறு இரண்டு தரம் சீமெந்தில் உரசியது. அந்த இரண்டு இழுப்புக்குள் அவள் யோசித்தது என்ன என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

"அவர் இல்லை ஐயா. மோசம் போய் ஒம்பது வருசம். நெஞ்சுக்குத்து."

அவர் குடைப்பிடியைத் தடவினார். பிறகு தணிந்த குரலில், பிள்ளைகள் எத்தனை என்றார்.

"ஒண்டு. வெளிநாட்டிலை."

"வெளிநாட்டிலையோ?" என்று அவர் திரும்பவும் கேட்ட விதத்தில், அவருக்கு ஏற்கனவே வேறு பதில் தெரியும் என்று அவளுக்குப் பட்டது. அவர் எழுந்து, வாறன் பிள்ளை என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மரநிழலுக்குள் எதற்குக் குடை என்று அதையும் அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

பின்னேரம் வீட்டுக்கு வரும் வழியில் சந்திக் கடையில் பாண் வாங்க நின்றாள். கடைக்காரர் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே, ஒரு வயதுபோன மனிதர் குடையோடு வந்து உங்கள் வீட்டைப் பற்றி விசாரித்தார், போன கிழமை, சொல்ல மறந்துபோனேன் என்றார். கிறிஸ்ரோபர் சவுதிக்குப் போய்விட்டதாகத் தான் சொல்லி அனுப்பியதாகவும், பயப்பட வேண்டாமென்றும் சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. கிறிஸ்ரோபர் முற்றத்தில் எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பழைய சாக்கில் பரப்பி வைத்திருந்தான். ஊர் வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்துவான், விடிய நண்டு வலை எடுக்கப் போவான், அதுதான் அவன் தொழில். அன்று நாலு நல்ல நண்டு பட்டிருந்தது. அவள் சேலையும் மாற்றாமல் அடுப்படி வாசலில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது, அவன் மோசம் போய்விட்டான் என்று தான் சொன்னதை மட்டும் கடைசியாகச் சொன்னாள்.

கிறிஸ்ரோபர் மண்ணெண்ணெயில் தோய்ந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். கோபிப்பான் என்று பார்த்தாள். கோபிக்கவில்லை.

"செத்தவனைத் தேடி வரமாட்டினம். ஆனால் செத்தவன் முற்றத்திலை இருக்கிறதைக் கண்டால் என்ன செய்வினம்?" என்றான்.

அன்று நண்டுக் குழம்பும் புட்டும் செய்தாள். இருவரும் வடிவாகச் சாப்பிடவில்லை. கொடிகாமத்தில் சுகிர்தத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் தென்னந்தோட்டம் வைத்திருந்தார். அங்கே ஒரு கிழமை போய் நிற்பது என்று முடிவாயிற்று. மகன் ஜொனதனுக்கு ஒன்றும் சொல்வதில்லை என்றும் முடிவாயிற்று. இருபத்தாறு வயதுப் பிள்ளை, நகரத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, இப்போதுதான் தலை நிமிர்ந்து திரிகிறான். மாமாவின் தண்ணீர் இறைக்கும் மெசின் பழுதாம், திருத்தப் போகிறார் என்று அவனுக்குச் சொன்னார்கள். விடிய முதல் பஸ்ஸில் கிறிஸ்ரோபர் ஒரு பையோடு போனான். முற்றத்தில் எஞ்சின் கழற்றியபடி கிடந்தது. வலையைப் பக்கத்து வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லியிருந்தது.

அடுத்த நாள் அந்த மனிதர் பூங்காவுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டார்கள், இனி மேலிடத்துக்குப் போகும், அங்கேயிருந்து கடிதம் வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். வாங்கில் வேறு யார் இருந்தாலும் அவர்களையும் உற்றுப் பார்த்தாள். சப்பாத்தைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பால் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தாயைக்கூட, இந்த வெயிலில் இவள் ஏன் இங்கே வந்தாள் என்று பார்த்தாள். ஒன்பது வருடமாக அவளுக்கு அமைதியாக இருந்த இடம் அது. வீட்டில் வாசல் படலை திறக்கிற சத்தத்துக்கே எழும்பும் மனம், இங்கே வந்தால்தான் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதையும் ஒரு குடைக்காரர் கெடுத்துவிட்டார் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

குணலட்சுமியோடும் கதைப்பதைக் குறைத்தாள். அவள் போனில் சிரித்தால், யாருக்கு என்ன சொல்கிறாள் என்று காது நீளும். தனக்கே அது வெட்கமாக இருந்தது, விட முடியவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் ஜொனதன் வேலையால் வந்து, சைக்கிளைச் சுவரோடு சாத்தாமல் விழுத்திவிட்டு உள்ளே வந்தான். முகம் கறுத்திருந்தது. தேநீரைக் கொடுத்தாள், வாங்கவில்லை.

"அம்மா, நீங்கள் ஏன் அப்பாவைச் சாகடிச்சனீங்கள்?"

உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான், ஆனால் வேறெங்கேயோ இருந்து தொடங்கினான். நிமலினி என்று ஒரு பெண், அவனோடுதான் வேலை, கவுண்டரில் இருக்கிறாள். இரண்டு வருடப் பழக்கம். கோப்பாய். தாய் இல்லை, தகப்பன் மட்டும். தகப்பனுக்குச் சொல்லி அவர் சம்மதித்தபிறகு வீட்டில் சொல்லலாம் என்று இருந்தான். அவர் தான் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்றாராம். விசாரித்தாராம். இன்றைக்கு நிமலினி அவனைத் தனியாகக் கூப்பிட்டு அழுதாளாம்.

"தகப்பன் உயிரோடை இருக்கிறார் எண்டு பெடியன் சொன்னவன், தாயோ அவர் செத்திட்டார் எண்டுறா. இவன் இஞ்சை வேலை செய்யிறான், தாயோ இவன் வெளிநாட்டிலை எண்டுறா. என்ன குடும்பம் இது, வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாராம்."

"தகப்பன் ஆர்?" என்றாள் சுகிர்தம், மெல்ல.

"துரைராஜா எண்டு. பென்சன் எடுத்த போஸ்ற்மாஸ்ரர். எங்கை போனாலும் ஒரு கறுப்புக் குடையோடை திரிவார்."

சுகிர்தம் வாசற்படியில் இருந்துவிட்டாள். சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த மனிதர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை. பெண் கொடுக்கப்போகிறவன் கேட்பதும் அதுதான். போன வருடம் வந்தவர் கேட்டதும் அதுதான். எப்படித் தெரியும் ஒருத்திக்கு.

நடந்ததை மகனுக்குச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடிய, மாமாவின் தண்ணீர் மெசின் உண்மையில் பழுதா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றாள். அவன் போய் விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான்.

அவளுக்கு இன்னொரு எண்ணமும் வந்தது, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெண்ணின் தகப்பன் என்பதற்காக, அந்த மனிதர் புலனாய்வுக்காரரின் ஆளாகவும் இருக்க முடியாதா? போஸ்ற்மாஸ்ரராக இருந்தவருக்கு எத்தனை பேரைத் தெரிந்திருக்கும்? அந்தப் பெண்தான் யார்? இப்படி நினைக்கிற தன்னைத் தானே ஏசிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

கிறிஸ்ரோபர் முழுவதையும் கேட்டான். தென்னோலை சலசலப்பது மட்டும் போனில் கேட்டது.

"அந்தாளைத் திரும்ப ஒருக்கால் பூங்காவுக்கு வரச்சொல்லி ஜொனதனிட்டைச் சொல்லு. நான் வாறன்" என்றான்.

அவள் மறித்தாள். ஜொனதன் போய்க் கதைக்கட்டும், இல்லாவிட்டால் தான் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். நகரத்துக்கு நடுவில், கச்சேரிக்குப் பக்கத்தில், ஊரே வந்து போகிற இடத்தில் வந்து இருப்பதா என்றாள். முகாமிலிருந்து வந்தபிறகு அவன் கடலுக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் தன் விருப்பத்தில் வெளிக்கிட்டதில்லை. கிறிஸ்ரோபர், செத்தவன் போய்த்தான் உயிரோடு இருக்கிறான் என்று காட்டவேண்டும், வேறு ஆள் காட்டேலாது என்று சொல்லிப் போனை வைத்தான்.

நிமலினி தகப்பனை எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ தெரியாது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் துரைராஜா வந்தார். வாங்கின் நடுவில் இருக்காமல் ஒரு கரையில் இருந்தார். சுகிர்தத்தைக் கண்டார், தலையாட்டவில்லை. அவள் கொஞ்சம் தள்ளி நின்று, கூட்டிய இடத்தையே கூட்டினாள்.

கால் மணி நேரம் கழித்துக் கிறிஸ்ரோபர் வந்தான். கோயிலுக்குப் போடும் நீலச் சேட்டு. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, வாங்கின் மற்றக் கரையில் இருந்தான்.

"நான்தான் ஐயா, அந்த மோசம் போன ஆள்" என்றான்.

துரைராஜா அவனை மேலிருந்து கீழே பார்த்தார். அவனுடைய கைவிரல் இடுக்குகளில் எஞ்சின் எண்ணெயின் கறுப்பு இருந்தது, அதில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"ஏன் உங்கடை மனிசி அப்பிடிச் சொன்னவ?"

"உங்களை அவை எண்டு நினைச்சிட்டா."

"எவை?"

"வந்து கேள்வி கேக்கிற ஆக்கள்."

அவர் குடையை ஒரு பக்கமாகச் சாத்தி வைத்தார். மேலே கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறந்தன. அவை போய் அடங்கும் மட்டும் இருந்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, நான் மூண்டு இடத்திலை கேட்டனான். உங்கடை மனிசி, நீங்கள் செத்திட்டியள் எண்டவ. சந்திக் கடைக்காரன் சவுதியிலை எண்டான். கோயிலடியிலை நிண்ட ஒராள், அப்பிடி ஒருத்தரே ஊரிலை இல்லையெண்டார். கோவத்திலை மகளுக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு ராவு ராவா யோசிச்சனான். ஒரு மனிசனுக்காக ஊரே இவ்வளவு பொய் சொல்லுதெண்டால், ஒண்டில் அவன் சரியான கள்ளனாய் இருக்கவேணும், இல்லாட்டில் ஊருக்கு வேண்டப்பட்டவனாய் இருக்கவேணும். அதைப் பாக்கத்தான் இண்டைக்கு வந்தனான்."

கிறிஸ்ரோபர் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். வன்னிக்குப் போனது, எஞ்சின் திருத்தியது, சரணடைந்தது, முகாம், திரும்பி வந்தது, போன வருடம் வந்த கடிதம். சந்தையில் மீன் விலை சொல்வது போல, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னான். நாங்கள் கடல் தொழில் செய்கிற ஆட்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றான்.

"அது எனக்கு முதலே தெரியும்" என்றார் துரைராஜா. "அதுக்கு மனம் ஒத்துக்கொள்ள எனக்கு ரெண்டு மாதம் எடுத்தது. பொய் சொல்ல மாட்டன். அது முடிஞ்சுதான் இந்த வாங்குக்கு வந்தனான். என்ரை பயம் வேறை." நிறுத்தினார். "என்ரை தம்பியாரைத் தொண்ணூறிலை வீட்டிலை வந்து கூட்டிக்கொண்டு போனவை. ஆர் கூட்டிக்கொண்டு போனதெண்டு இண்டைக்கும் வடிவாய்த் தெரியாது. அம்மா சாகும் மட்டும் படலைச் சத்தத்துக்கு எழும்பினவ. நாளைக்கு உங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனால், என்ரை பிள்ளை அந்த வீட்டிலை இருந்து படலையைப் பாக்கவேணும். அதுக்கு என்ன சொல்லுறியள்?"

சுகிர்தம் கூட்டுவதை நிறுத்தியிருந்தாள். இல்லையென்று சொல்லப்பா, இனி வரமாட்டார்கள் என்று சொல் என்று மனதுக்குள் அவனைக் கெஞ்சினாள்.

"வருவினம் எண்டுதான் சொல்லுவன்" என்றான் கிறிஸ்ரோபர். "நாளைக்கும் வரலாம், வராமலும் விடலாம். அதுக்கு நான் பொறுப்பு நிக்கேலாது. ஆனால் அதை மறைச்சு உங்கடை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டம். என்ரை பெடியன் உங்கடை மகளுக்கு எல்லாத்தையும் முதலே சொன்னவனாம்."

துரைராஜா திடுக்கிட்டுத் திரும்பினார். "நிமலினிக்குத் தெரியுமோ?"

"ரெண்டு வருசமாய்த் தெரியுமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தார். துடைத்து முடிந்தும் போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வெறும் கண்ணோடு அவருடைய முகம் வயதுபோனதாகவும், ஏமாந்ததாகவும் தெரிந்தது.

"அப்ப எனக்கு மட்டும்தான் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. முப்பது வருசம் ஊரின்ரை காயிதமெல்லாம் என்ரை கையாலை போனது, என்ரை வீட்டு விசயம் எனக்குத் தெரியேல்லை" என்றார். பிறகு அவருக்கே மெல்லச் சிரிப்பு வந்தது. கிறிஸ்ரோபருக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராமல் சிரித்தார்கள்.

அதன் பிறகும் அவர் கேள்வி கேட்டார். குடி உண்டா, வீட்டுக் காணி யாருடைய பேரில், பரம்பரையில் வருத்தம் ஏதாவது உண்டா. பென்சன்காரருக்குரிய பொறுமையோடு ஒன்றும் விடாமல் கேட்டார். கிறிஸ்ரோபர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். விசாரிக்க வந்தவர்களுக்குப் பயந்து சொன்னது போன்ற பதில்களை, பகல் வெளிச்சத்தில், ஒரு மரத்துக்குக் கீழே, பயப்படாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய குரல் இப்படி இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று சுகிர்தம் நினைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்தார். சம்மதம் என்று சொல்லவில்லை. சுகிர்தத்தின் பக்கம் வந்து நின்றார்.

"பிள்ளை, நான் எங்கடை ஆக்களுக்கு, பெடியனுக்குத் தகப்பன் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். என்ரை தமக்கை அதைக் கேட்டு உங்களுக்காக ஜெபம் பண்ணினவ. இனி இவரை உயிரோடை கொண்டுபோய்க் காட்டவேணும். வாற ஞாயிறு மூண்டு பேரும் கோப்பாய்க்கு வாருங்கோ. மத்தியானச் சாப்பாட்டுக்கு."

அவள் ஓமென்றாள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா என்றும் சொன்னாள். அவர், நானும் ஊரைச் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் விசாரித்தால்தான் உண்மை வருமென்று நினைத்தேன் என்றார். குடையை விரித்துக்கொண்டு நிழலுக்குள் நடந்து போனார். வாசலைத் தாண்டியதும் கண்டி வீதியின் இரைச்சல் அவரை விழுங்கியது.

கிறிஸ்ரோபர் எழும்பவில்லை. சாப்பாட்டு நேரம். சுகிர்தம் சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வாங்கை ஒன்பது வருடமாகத் துடைத்திருக்கிறாள், ஒரு நாளும் இருந்ததில்லை. தொழிலாளிகள் பைப்படியில் குந்தித்தான் சாப்பிடுவார்கள். இன்றைக்கு இருந்தாள். சீமெந்து குளிர்ந்திருந்தது. பெட்டி மூடியில் அவனுக்குச் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தாள்.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இருவருடைய கையும் சோற்றில் நின்றது. ஒரு பெடியனும் பெட்டையும் ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, நாவல் மரப் பக்கம் போனார்கள். கிறிஸ்ரோபர் ஒரு கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்து, மென்று விழுங்கினான்.

"இனி ஆர் கேட்டாலும் நான் இருக்கிறன் எண்டு சொல்லு" என்றான்.

"ஆர் கேட்டாலுமோ?"

"ஆர் கேட்டாலும்."

காற்றுக்கு வாகை நெற்றுகள் கூட்டிய இடமெல்லாம் திரும்பக் கொட்டின. பெட்டிக்குள் இரண்டு துண்டு மீன் பொரியல் இருந்தது. பெரிய துண்டை எடுத்து அவனுடைய பக்கம் வைத்தாள்.

"சரி. சொல்லுறன்" என்றாள்.